பட்டணம் பார்க்க மூன்று நாள்

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்களுக்கு இன்றும் சென்னை என்பது ‘பட்டணம்’தான். ரயில் ஏறினால் ஓர் இரவு, ஏறக்குறைய 340 கிலோமீட்டர். வேலைக்கு, படிப்புக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு என்று பட்டணம் போகாத வீடே கிடையாது. ஆனால், சும்மா சுற்றிப் பார்ப்பதற்காகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன வீடுகளைக் கணக்கெடுத்தால், தெருவுக்கு நாலைந்து தேறினால் அதிகம்.

அதற்குக் காசு மட்டும் காரணமில்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடும்போது வயலுக்கு விடுமுறை இருப்பதில்லை. ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும். காலாண்டு விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது, ஒரு பக்கம் குறுவை அறுப்பு, மறுபக்கம் சம்பா நடவு. பொங்கல் விடுமுறையில் சம்பா அறுவடை எட்டிப் பார்க்கும். மே மாதம் நிலம் சும்மா கிடக்கும், ஆனால் நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்னை வெயிலில் அலைய முடியாது. மிஞ்சுவது டிசம்பர் கடைசியில் வரும் அரையாண்டு விடுமுறை. களையெடுப்பும் மேலுரமும் முடிந்து, சம்பா கதிர் வாங்கிப் பால் பிடிக்கும் நேரம் அது. மழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அப்போது மூன்று நாள் வீட்டைப் பூட்டினால் வயல் கோபித்துக்கொள்ளாது.

திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கும் ஒரு குடும்பம் அப்படித்தான் டிசம்பரைப் பிடித்தது. ஒன்பது மா நிலம். வீட்டுக்காரர் விவசாயம், வீட்டம்மா தையல். மூன்றாம் வகுப்புப் படிக்கும் எட்டு வயதுப் பெண், நாலு வயதுப் பையன். கூட, பிள்ளைகளின் அப்பாயி.

பேச்சைத் தொடங்கி வைத்தது பெண்தான். வகுப்பில் யாரோ மெட்ரோ ரயிலில் போன கதையைச் சொல்லியிருக்கிறார்கள். நகரும் படிக்கட்டு, தானாகத் திறக்கும் கதவு, பதினாலு மாடி எல்.ஐ.சி. வீட்டுக்கு வந்தவள் பையைக் கூடக் கழற்றவில்லை.

“நம்ம ஊர்ல ஒண்ணுமே இல்லையாம்மா?”

தைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்றது. அன்று இரவே ஒரு நாற்பது பக்க நோட்டில் சென்னையில் பார்க்க வேண்டிய இடங்களை எழுத ஆரம்பித்தாள். மெரினா, எழும்பூர் மியூசியம், வண்டலூர், கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, கோட்டூர்புரம் கோளரங்கம், அண்ணா நூற்றாண்டு நூலகம், பெரம்பூர் ரயில் மியூசியம், கோட்டை, தி.நகர், மாமல்லபுரம்... எழுதி முடித்தபோது பதினாலு இடங்கள்.

வீட்டுக்காரர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு நாம குடி போயிடலாம்” என்றார்.

முதல் திட்டம் இப்படி இருந்தது. 24-ம் தேதி புதன் இரவு கிளம்பி, வியாழன் வண்டலூர், வெள்ளி காலை மியூசியம், மாலை மெரினா, சனிக்கிழமை மற்ற இடங்கள். நோட்டில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூருக்கும் கிண்டிப் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் செவ்வாய். பெரம்பூர் ரயில் மியூசியத்துக்குத் திங்கள். பட்டணம் எல்லா நாளும் திறந்திருக்கும் என்றுதான் ஊரில் நினைக்கிறோம். பிள்ளைகளைக் கூட்டிப் போய் மூடிய கேட்டுக்கு முன்னால் நிறுத்தினால், அன்றைய நாள் முழுக்க அந்த அழுகையோடுதான் போகும். எந்த இடம் என்று முடிவு செய்வதற்கு முன்பே அதன் விடுமுறைக் கிழமையைப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும் என்பது நோட்டின் முதல் பாடமாயிற்று.

வெள்ளிக்கிழமையில் அதைவிடப் பெரிய தடை ஒன்றும் இருந்தது. அது வீட்டுக்குள்ளேயே, திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

“வெள்ளிக்கிழமைன்னா இருபத்தாறாம் தேதில்ல?” என்றார் அப்பாயி.

அவர் பிறந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் கூட்டம் நிறைந்திருந்த காலை. அப்பாயியின் தங்கை மகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள் வரவேயில்லை. அதன் பிறகு அப்பாயி கடல் இருக்கும் திசைக்கே போனதில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் வாசலில் ஒரு விளக்கு ஏற்றி வைப்பார். யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

“கடலை விட்டுட்டு மத்ததெல்லாம் காட்டுங்க” என்றார்.

வீட்டுக்காரர் அம்மாவை எதிர்த்துப் பேசுகிறவர் அல்ல. “விட்டுடலாம்” என்றார். பெண் உதட்டைப் பிதுக்கினாள். பட்டணத்தில் காசு கொடுக்காமல் பார்க்கக்கூடிய பெரிய விஷயம் கடல் ஒன்றுதான். அதை விட்டுவிட்டுப் போய் வந்தோம் என்று வகுப்பில் எப்படிச் சொல்வாள்?

வீட்டம்மா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, அப்பாயிக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: “அத்தை, இருபத்தாறாம் தேதி நாம எல்லாரும் வீட்டுலயே இருந்து விளக்கேத்துவோம். அன்னிக்கு ராத்திரிதான் ரயில் ஏறப் போறோம். கடல்கிட்ட போனா புள்ளைங்கள எப்படிப் பாத்துக்கணும்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றபடி செய்யறேன். வேணாம்னா போகலை.”

அப்பாயி வெகு நேரம் மென்றுகொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “காலைல போங்க. சாயங்காலம் கூட்டத்துல போவாதீங்க. பாதம் நனையட்டும், முட்டி நனையக் கூடாது. ஆளுக்கு ஒரு புள்ள. கைய வுடக் கூடாது, போட்டோ எடுக்கறதுக்குக் கூட.”

மெரினாவில் குளிப்பதற்குத் தடை இருப்பதும், கரைக்குப் பக்கத்திலேயே இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் இருப்பதும் அப்பாயிக்குத் தெரியாது. ஆனால் போலீஸ்காரர் ஒலிபெருக்கியில் சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த நாலு வரியும் அப்படியே நோட்டில் ஏறியது.

இரண்டாவது திட்டம் பிறந்தது. 26 வெள்ளி இரவு உழவன் எக்ஸ்பிரஸில் கிளம்புவது. சனிக்கிழமை எழும்பூர். ஞாயிறு காலை கடல், பிறகு தாம்பரத்தில் சித்தப்பா வீடு. திங்கள் வண்டலூர். திங்கள் இரவு தாம்பரத்திலேயே ரயில் ஏறித் திரும்புவது. வண்டலூர் தாம்பரத்துக்கும் தெற்கே இருக்கிறது. அதை நடுநாளில் வைத்தால் நகரத்துக்கும் அதற்குமாக இரண்டு தடவை அலைய வேண்டும். கடைசி நாளில் வைத்தால் ஊர் திரும்பும் வழியிலேயே முடிந்துவிடும். பஸ்ஸில் திரும்புகிறவர்களுக்கும் இதே கணக்குதான். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வண்டலூரை அடுத்தே இருக்கிறது.

ரயிலில் முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரிலிருந்து குறைத்துவிட்டார்கள். டிசம்பர் 26-ம் தேதிப் பயணத்துக்கு அக்டோபர் 27 காலை எட்டு மணி. விடுமுறைக் காலம் என்பதால் கொஞ்சம் தாமதித்தாலும் காத்திருப்புப் பட்டியல்தான்.

அந்த அக்டோபர் 27 வந்த நேரம்தான் சரியில்லை. குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவியலாகக் கிடந்தது. முறை வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். தார்ப்பாயை மூடுவதும், வெயில் தலைகாட்டினால் விரித்துக் காய வைப்பதும், திரும்ப மூடுவதுமாக வீட்டுக்காரர் பத்து நாளாக அங்கேயே கிடந்தார். குவியலின் அடியில் முளை விட ஆரம்பித்திருந்தது.

காலையில் வீட்டுக்கு வந்தவர், மனைவி செல்போனும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

“நெல்லு முளைச்சிக்கிட்டு கெடக்கு. நீ ரயில் டிக்கெட் போடறியா?”

அவள் குரலை உயர்த்தவில்லை. “என்னங்க, இது நெல்லுக் காசு இல்லை. தீபாவளிக்கு ஜாக்கெட் தைச்ச காசு. நெல்லு போகலைன்னா டிக்கெட்ட ரத்து பண்ணிடுவோம். கிளம்பறதுக்கு 48 மணி நேரம் முன்னாடி பண்ணினா ஸ்லீப்பர்ல ஆளுக்கு 120 ரூபாதான் பிடிப்பாங்க. போக மூணு டிக்கெட், வர மூணு. மொத்தம் 720 ரூபா. அது என் நஷ்டம். இன்னிக்கு விட்டா அப்புறம் கிடைக்காது.”

அவர் ஒன்றும் சொல்லாமல் கிணற்றடிக்குப் போனார். குளித்துவிட்டு வந்து, “பாப்பாவுக்கும் படுக்கை போடு. உட்கார்ந்துக்கிட்டு வரவேணாம்” என்றார்.

அந்தப் படுக்கை விஷயம் பலரும் தடுமாறும் இடம். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம், படுக்கையும் கிடையாது. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால் இரண்டு வழி. அரை டிக்கெட் எடுத்தால் படுக்கை இல்லை. படுக்கை வேண்டுமென்றால் முழு டிக்கெட். 2016-லிருந்து இதுதான் விதி.  இரவுப் பயணத்தில் அந்த மிச்சம், மறுநாள் தூங்கி வழியும் பிள்ளையாகத் திரும்பி வரும். பையன் அம்மாவோடு கீழ்ப் படுக்கையில், பெண் நடுவில், அப்பா மேலே என்று எழுதிக்கொண்டார்கள்.

நவம்பர் முதல் வாரத்தில் வானம் வெளுத்தது. நெல் மூட்டையேறியது. அடியில் முளைத்தது முளைத்ததுதான், அந்த அளவுக்குக் கணக்கில் குறைந்தது. பணம் வங்கியில் விழுந்ததும் முதலில் கடைக் கடனை அடைத்தார்கள், சம்பாவுக்கு உரம் வாங்கினார்கள். பட்டணத்துக்கு என்று ஒதுக்கியது அதற்குப் பிறகுதான்.

அந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மா ஒத்திகை ஒன்று பார்த்தாள். பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் ஏற்றித் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். பையன் எவ்வளவு நேரம் தாங்குகிறான் என்று தெரிய வேண்டும். நாற்பது நிமிஷம் தாங்கினான். அதன்பின் தரையில் உட்கார்ந்துவிட்டான். பெண் ஒன்றரை மணி நேரம் தாங்கினாள். இந்த இரண்டு எண்களும் நோட்டில் ஏறியதும் பதினாலு இடங்கள் தாமாகவே நாலாகச் சுருங்கின. நாளைக்கு ஓர் இடம், மிஞ்சினால் மாலையில் இன்னொன்று. மத்தியானம் கட்டாயத் தூக்கம். மாமல்லபுரம் போனது, தி.நகர் போனது, கிண்டியும் கோளரங்கமும் போயின. தி.நகரை அடிக்கும்போது மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது.

அந்த ஒத்திகையில் எதிர்பாராத லாபமும் கிடைத்தது. கலைக்கூடத்தில் ரிஷபவாகனர் நிற்கிறார். திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சோழர் காலத்துச் செப்புத் திருமேனி. சாய்ந்து நிற்கக் காளை இல்லை, ஆனால் கை மட்டும் காளையின் முதுகில் ஊன்றியிருப்பது போலவே இருக்கிறது. ராஜராஜன் காலம் முடியும் தறுவாயில், ஆயிரம் வருஷத்துக்கு முன்பு வார்த்தது. அதே திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் இருப்பது எழும்பூரில்.

“அப்ப நம்ம பக்கத்து சாமியையா பட்டணத்துல போய்ப் பார்க்கப் போறோம்?” என்று கேட்டாள் பெண்.

“ஆமா. அவங்களும் நம்மள மாதிரி ரயில் ஏறிப் போனவங்கதான்” என்றார் அப்பா.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் சின்னச் சின்ன வேலைகள். தாம்பரத்துக் கொழுந்தன் முதல் நாளே வீட்டுக்கு வரவில்லை என்று வருத்தப்பட்டார். “தம்பி, விடியக்காலைல இறங்கி மூட்டை முடிச்சோட அவ்வளவு தூரம் வந்து திரும்ப எழும்பூர் வரணுமே. ஒரு ராத்திரி லாட்ஜு, மறுநாள் உங்க வீடுதான்” என்று சொன்னதும் சமாதானமானார். எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேனில் வரிசையாக லாட்ஜுகள் உண்டு. பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அறை 24 மணி நேரக் கணக்கா, மத்தியானம் 12 மணிக் கணக்கா? விடியுமுன் இறங்குகிறவர்களுக்கு 24 மணி நேரக் கணக்குதான் லாபம். இல்லையென்றால் நாலு மணி நேரத் தூக்கத்துக்கு இன்னொரு நாள் வாடகை.

பிள்ளைகளின் சட்டைப் பையில் அப்பா, அம்மா, சித்தப்பா மூவரின் எண்ணையும் துணியில் எழுதித் தைத்தாள். தையல்காரிக்கு அது பெரிய வேலையா? தொலைந்தால் ஓடக் கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், காக்கிச் சட்டையிடமோ, கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாவிடமோ பையைக் காட்ட வேண்டும் என்று பாடம் நடந்தது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-ஐப் பெண் மனப்பாடம் செய்தாள். அப்பாயி புளியோதரை கட்டிக் கொடுத்தார்.

26-ம் தேதி அந்தி சாய்ந்ததும் வாசலில் விளக்கு ஏறியது. இந்தத் தடவை பெண் ஏன் என்று கேட்டாள். அப்பாயி முதல் தடவையாகச் சொன்னார்.

நோட்டில் எழுதியபடி எல்லாம் நடந்ததா என்றால், பாதி நடந்தது. 1851-ல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில் பெண் அர்த்தநாரீஸ்வரருக்கு முன்னால் நின்று கும்பிட்டாள். பையனுக்குப் பிடித்தது கூரைக்குக் கீழே கிடந்த திமிங்கில எலும்புக்கூடு. இந்த வளாகத்தில்தான் 1855-ல் மிருகக்காட்சி சாலை தொடங்கியது, அதுதான் இடம் மாறி 1985-ல் வண்டலூருக்குப் போனது என்று அப்பா படித்துவைத்ததைச் சொன்னார். பையன் தூணுக்குத் தூண் போய்ப் புலியைத் தேடினான்.

மாலையில் எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் வண்டி மாறி, எல்.ஐ.சி. நிலையத்தில் இறங்கினார்கள். நகரும் படிக்கட்டில் பையன் மூன்று தடவை ஏறி இறங்கினான். கையைப் பிடித்த அப்பாவும் மூன்று தடவை. 1959-ல் திறந்த அந்தக் கட்டடத்தைச் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணாந்து பார்த்த பெண் கொஞ்சம் ஏமாந்தாள்.

“இவ்வளவுதானா? பெரிய கோயில விடவா உசரம்?”

அப்பா போனில் தேடினார். எல்.ஐ.சி. சுமார் 177 அடி. பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. பெண் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. ஆனால் நடை மாறிவிட்டது.

ஞாயிறு விடியலில் அறையைக் காலி செய்து, பைகளை லாட்ஜுக் கவுன்ட்டரில் விட்டுவிட்டு, ஆட்டோவில் கடற்கரைக்குப் போனார்கள். ஆறரை மணி வாக்கில் சூரியன் மேலே வந்தது. பாதம் நனைந்தது, முட்டி நனையவில்லை. போட்டோ எடுக்கவில்லை. மணலில் பத்தடி பின்னால் வந்து, பிள்ளைகளை உட்கார வைத்தபின், அப்பாயிக்கு வீடியோ கால் போட்டார்கள். அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமில்லை.

“அலை சின்னதாத்தான் இருக்கு” என்றார் கடைசியில். பிறகு, “கையப் புடிச்சிருக்கியா?” என்று கேட்டார்.

திங்கட்கிழமை வண்டலூர். 602 ஹெக்டேர் என்று நோட்டில் எழுதியிருந்ததற்கு என்ன அர்த்தம் என்பது நடந்தபோதுதான் புரிந்தது. பாட்டரி வண்டிக்கு வரிசை நீளம். கடைசியில் புலியின் எதிரே போய்ச் சேர்ந்தபோது பையன் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிப் பார்த்தார்கள். கண்ணைத் திறந்து, “காலைல பாக்கறேன்” என்று மறுபடி தூங்கிவிட்டான்.

பள்ளி திறந்த அன்று பெண் வகுப்பில் என்ன சொன்னாள் என்று அம்மாவுக்கு முழுசாகத் தெரியாது. மறுநாள் அவளுடைய தோழி ஒருத்தி வாசலுக்கு வந்து, “எல்.ஐ.சி. நம்ம பெரிய கோயிலவிட சின்னதாமே?” என்று உறுதி செய்துகொண்டு போனாள்.

நோட்டு இப்போது பக்கத்து வீட்டில் இருக்கிறது. அவர்கள் மே மாதம் போவதாகத் திட்டம். பதினாலு இடங்களைப் பார்த்துவிட்டு, எதை விடுவது என்று கேட்க வந்தாள் அந்த வீட்டுப் பெண்.

“எதை விடறதுன்னு யோசிக்காதே அக்கா. மத்தியானத் தூக்கத்தை முதல்ல எழுது. மிச்ச இடத்துல எது கொள்ளுதோ அது போதும். விட்டது எங்க போகப் போவுது? பட்டணம் அங்கதான் இருக்கும்” என்றாள் இவள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே.